அணுக்கரு ஏன் சிதைகிறது, எப்படிச் சிதைகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் படிவம் 4, 5 பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். அணுக்கரு சிதையும்போது வரும் கதிர்களில் ஆல்ஃபாவைத் தாள் தடுக்கும், பீட்டாவை அலுமினியத் தகடு தடுக்கும், காமாவுக்குத் தடிமனான ஈயம் வேண்டும் என்ற மூன்று வரியை எல்லாரும் சரியாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் கார்பன்-14 ஏன் ஆல்ஃபாவை விடாமல் பீட்டாவை விடுகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கேள்விதான். ஓர் அணுக்கருவுக்கு என்ன சிக்கல் என்று முதலில் பார்த்துவிட்டால், அது எந்த வழியில் சிதையும் என்பதைப் பெரும்பாலும் நீங்களே சொல்லிவிடலாம். பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சில அணுக்கருக்கள் மட்டும் ஏன் நிலையாக இருப்பதில்லை?

அணுக்கருவுக்குள் இரண்டு விசைகள் மல்லுக்கட்டுகின்றன. புரோட்டான்கள் எல்லாம் நேர்மின்சுமை கொண்டவை, அதனால் ஒன்றையொன்று விலக்கும். இந்த விலக்கம் தூரத்துக்கும் எட்டும், அதாவது அணுக்கருவின் ஒரு கோடியில் இருக்கும் புரோட்டான் மறு கோடியில் இருப்பதையும் தள்ளும். இதை எதிர்த்துப் பிடித்து வைத்திருப்பது வலுவான அணுக்கரு விசை. அது மின்விசையைவிடப் பலமடங்கு வலியது, ஆனால் அதன் எட்டுதூரம் மிகக் குறைவு, பக்கத்தில் ஒட்டியிருக்கும் துகள்களை மட்டுமே பிடிக்கும். புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை.

இதனால் என்ன ஆகிறது என்றால், அணுக்கரு பெரிதாகப் பெரிதாக விலக்கம் வேகமாக ஏறுகிறது, பிடிப்பு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. விலக்காமல் பிடிப்பை மட்டும் கூட்டுகிற நியூட்ரான்கள் அதிகம் தேவைப்படுகின்றன. கார்பன்-12-இல் 6 புரோட்டான், 6 நியூட்ரான். ஈயம்-208-இல் 82 புரோட்டான், 126 நியூட்ரான். ஈயத்தையும் தாண்டிப் பிஸ்மத்துக்குப் போனால் அங்கிருந்து மேலே நிலையான தனிமமே கிடையாது, எத்தனை நியூட்ரான் சேர்த்தாலும் சரிவராது.

அப்படியென்றால் நியூட்ரானை இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொண்டே போகலாமே?

நல்ல கேள்வி, இதைக் கேட்கிற பிள்ளை பாடத்தைப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். முடியாது. அணுவில் எலக்ட்ரான்களுக்கு ஆற்றல் மட்டங்கள் இருப்பது போலவே அணுக்கருவுக்குள்ளும் உண்டு, நியூட்ரான்களுக்குத் தனி மட்டங்கள், புரோட்டான்களுக்குத் தனி. பவுலியின் விலக்கல் தத்துவப்படி ஒரே நிலையில் இரண்டு நியூட்ரான்கள் இருக்க முடியாது. கீழ் மட்டங்கள் நிரம்பிய பிறகு வருவது மேல் மட்டத்தில்தான் உட்கார வேண்டும். அப்படி உயரத்தில் இருக்கும் ஒரு நியூட்ரான், புரோட்டானாக மாறிக் கீழே காலியாக இருக்கும் புரோட்டான் மட்டத்துக்கு இறங்கினால் மொத்த ஆற்றல் குறையும். குறையும் என்றால் மாறும். அதுதான் பீட்டா சிதைவு.

ஒரு அணுக்கரு எந்த வகையில் சிதையும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நியூட்ரான் மிகுந்திருந்தால் ஒரு நியூட்ரான் புரோட்டானாகும், இது பீட்டா எதிர்மச் சிதைவு. புரோட்டான் மிகுந்திருந்தால் ஒரு புரோட்டான் நியூட்ரானாகும், இதற்குப் பாசிட்ரான் உமிழ்வு, எலக்ட்ரான் பிடிப்பு என்று இரண்டு வழிகள். ஆளே மிகப் பெரிதாக இருந்தால் ஒரு துண்டைக் கழற்றி எறியும், அது ஆல்ஃபா, அபூர்வமாகப் பிளவு. எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்து ஆற்றல் மட்டும் மிச்சமிருந்தால் காமா.

இதற்கு மேல் ஒரே ஒரு கணக்கு: சிதைவுக்கு முன்னால் இருந்த நிறை, சிதைந்த பின் கிடைக்கும் எல்லாவற்றின் கூட்டு நிறையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் ஆற்றலாக வெளியேறுகிறது. வித்தியாசம் இல்லையென்றால் அந்த வழி அடைபட்டது. கார்பன்-14-இல் 6 புரோட்டான், 8 நியூட்ரான், அது நியூட்ரான் மிகுந்த சின்ன அணுக்கரு. அது ஆல்ஃபாவை வெளியேற்ற வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஆற்றல் கொடுக்க வேண்டியிருக்கும். பீட்டாவில் ஆற்றல் மிஞ்சுகிறது, ஆகவே நைட்ரஜன்-14 ஆகிறது.

ஆல்ஃபாவில் ஏன் எப்போதும் இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான்? ஒரு புரோட்டானை மட்டும் தள்ளிவிட்டால் போதாதா?

யுரேனியம்-238-இலிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்கிப் பாருங்கள், நாம்தான் ஆற்றல் செலவழிக்க வேண்டும். இரண்டும் இரண்டும் சேர்ந்த ஹீலியம்-4 மட்டும் தனி ரகம், அந்த நான்கு துகள்களும் ஒன்றையொன்று மிக இறுக்கமாகப் பிடித்திருப்பதால் அது உருவாகும்போதே 28.3 மெகா எலக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் மிச்சமாகிறது. அந்த மிச்சம்தான் வெளியேறும் செலவை ஈடுகட்டுகிறது. யுரேனியம்-238 ஆல்ஃபாவை விட்டுத் தோரியம்-234 ஆகும்போது எல்லாம் போக 4.27 மெகா எலக்ட்ரான் வோல்ட் கையில் நிற்கும்.

ஆனால் இங்கே ஒரு புதிர் இருந்தது. ஆல்ஃபா வெளியே வர அது தாண்ட வேண்டிய மின்விசைத் தடுப்பு 25 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல், அதனிடம் இருப்பதோ நாலே சொச்சம். பழைய இயற்பியலின்படி அது எந்தக் காலத்திலும் வெளியே வரவே கூடாது. 1928-இல் ஜார்ஜ் கேமோவும், அவரோடு தொடர்பில்லாமல் ரொனால்ட் கர்னி, எட்வர்ட் காண்டன் ஆகியோரும் விடை சொன்னார்கள். குவாண்டம் இயக்கவியலில் ஒரு துகள் தடுப்பின் மேல் ஏறாமலேயே அதன் மறுபக்கத்தில் காணப்படுவதற்கு ஒரு சின்ன நிகழ்தகவு உண்டு. இதைச் சுரங்க விளைவு என்கிறோம். கதிரியக்கத்தைப் புரிந்துகொள்ள இதைவிட அழகான இடம் எனக்குத் தெரியாது, படிவம் 5 பாடத்தில் இதற்கு இடமில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஏன் அழகு என்கிறேன் என்றால், அந்த நிகழ்தகவு ஆற்றலைப் பொறுத்து நம்ப முடியாத வேகத்தில் மாறுகிறது. தோரியம்-232 விடும் ஆல்ஃபாவின் ஆற்றல் சுமார் 4 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கருக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டுகள். பொலோனியம்-212 விடும் ஆல்ஃபாவுக்குச் சுமார் 8.8, அதன் அரை ஆயுள் ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கின் மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஆற்றல் இரண்டு மடங்கு ஏறியதற்கு ஆயுள் 1-க்குப் பின்னால் 24 சுழியம் போடும் அளவுக்குக் குறுகிவிட்டது. கெய்கரும் நட்டாலும் இந்தத் தொடர்பை 1911-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள், காரணம்தான் பதினேழு ஆண்டு கழித்து வந்தது.

பீட்டா என்பது எலக்ட்ரான் என்கிறீர்கள். அணுக்கருவுக்குள் எலக்ட்ரானே இல்லையே, அது எங்கிருந்து வருகிறது?

உள்ளே ஒளிந்திருந்து வருவதில்லை, அந்த நொடியில் உருவாகிறது. நியூட்ரானும் புரோட்டானும் குவார்க்கு என்ற இன்னும் சிறிய துகள்களால் ஆனவை. நியூட்ரானுக்குள் இருக்கும் ஒரு கீழ்க்குவார்க்கு மேல்க்குவார்க்காக மாறுகிறது, நியூட்ரான் புரோட்டானாகிவிடுகிறது, மின்சுமைக் கணக்குச் சரியாக ஓர் எலக்ட்ரான் பிறக்கிறது, கூடவே ஓர் எதிர்நியூட்ரினோ. இதைச் செய்வது வலுவற்ற விசை. அணு எண் ஒன்று கூடும், நிறை எண் அப்படியே இருக்கும்.

எதிர்நியூட்ரினோவைப் பிள்ளைகள் சமன்பாட்டில் விட்டுவிடுகிறார்கள், எஸ்.பி.எம். (படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) அளவில் அதற்கு மதிப்பெண் போகாது. ஆனாலும் அது இல்லாமல் பீட்டா சிதைவே விளங்காது. ஒரே ஐசோடோப்பிலிருந்து, அதாவது ஒரு தனிமத்தின் குறிப்பிட்ட நியூட்ரான் எண்ணிக்கை கொண்ட வகையிலிருந்து, வரும் ஆல்ஃபாக்கள் குறிப்பிட்ட சில ஆற்றல்களில் மட்டும் வரும். பீட்டா அப்படி இல்லை, சுழியத்திலிருந்து ஓர் உச்சம் வரை எந்த ஆற்றலிலும் வரும் என்று 1914-இல் ஜேம்ஸ் சாட்விக் கண்டார். மீதி ஆற்றல் எங்கே போனது? ஆற்றல் அழியா விதியையே கைவிடலாமா என்றுகூடச் சிலர் யோசித்தார்கள். 1930 டிசம்பரில் வொல்ஃப்காங் பவுலி ஒரு கடிதத்தில், கண்ணில் படாத, மின்சுமை இல்லாத ஒரு துகள் அந்த ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது என்று சொன்னார். அதை நேரடியாகக் கண்டுபிடிக்க 1956 வரை ஆயிற்று. பிரெடரிக் ரைன்சும் கிளைட் கோவனும் அமெரிக்காவில் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் கருவி வைத்துப் பிடித்தார்கள்.

இன்னொன்று. தனியாக விடப்பட்ட நியூட்ரான் சுமார் 10 நிமிட அரை ஆயுளில் சிதைந்துவிடும். ஆனால் உங்கள் உடம்பில் இருக்கும் கார்பன்-12-இன் நியூட்ரான்கள் அப்படியே கிடக்கின்றன, ஏனென்றால் அவை மாறினால் வரும் அணுக்கரு இன்னும் கூடுதல் நிறை உடையது. மேலே சொன்ன அதே கணக்குத்தான்.

பாசிட்ரான் உமிழ்வு நம் பாடத்தில் அதிகம் வருவதில்லையே, அது உண்மையில் எங்காவது நடக்கிறதா?

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பெட் ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனைகளில் தினமும் நடக்கிறது. ஃபுளோரின்-18-இல் 9 புரோட்டான், 9 நியூட்ரான். நிலையான ஃபுளோரினுக்கு 10 நியூட்ரான் வேண்டும், ஆக இதில் ஒன்று குறைவு. ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறி ஆக்சிஜன்-18 ஆகிறது, வெளியே வருவது நேர்மின்சுமை கொண்ட எலக்ட்ரானான பாசிட்ரான், கூடவே நியூட்ரினோ. பாசிட்ரான் திசுவுக்குள் கொஞ்ச தூரம் போவதற்குள் ஓர் எலக்ட்ரானைச் சந்தித்துவிடும், இரண்டும் அழிந்து எதிரெதிர் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் பறக்கும், ஒவ்வொன்றும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பதிவானால் அந்த நேர்க்கோட்டில் எங்கோதான் சிதைவு நடந்திருக்கிறது என்று கருவிக்குத் தெரியும். பல கோடுகளைச் சேர்த்துப் படம் வரைகிறார்கள். ஃபுளோரின்-18-ஐக் குளுக்கோஸ் போன்ற ஒரு மூலக்கூறில் ஏற்றி ஊசி போடுவதால், சர்க்கரையை அதிகம் தின்னும் புற்றுநோய்க் கட்டி பளிச்சென்று தெரிகிறது.

இதன் அரை ஆயுள் 110 நிமிடம் என்பதால் வெளிநாட்டிலிருந்து வாங்கி அடுக்கி வைக்க முடியாது. ஆக்சிஜன்-18 நிறைந்த நீரைச் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் புரோட்டான்களால் தாக்கி அன்றைக்கு அன்றே செய்ய வேண்டும். இதைக் கவனித்தால் ஒரு பொது விதி கிடைக்கும். சைக்ளோட்ரான் புரோட்டானைத் திணிக்கிறது, அதனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் பாசிட்ரான் ரகம். அணு உலை நியூட்ரானைத் திணிக்கிறது, பாங்கியில் 1982 முதல் இயங்கும் நம் நாட்டின் 1 மெகாவாட் ஆராய்ச்சி உலை போல, அதனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் எலக்ட்ரானை விடும் ரகம்.

எலக்ட்ரான் பிடிப்பு என்றால் என்ன?

அணுக்கரு தன்னைச் சுற்றியிருக்கும் எலக்ட்ரான்களில், பெரும்பாலும் மிக உள்கூட்டில் இருக்கும் ஒன்றை இழுத்துக்கொள்ளும். புரோட்டானும் அந்த எலக்ட்ரானும் சேர்ந்து நியூட்ரானாகும், நியூட்ரினோ ஒன்று வெளியேறும். உள்கூட்டில் காலியான இடத்துக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் விழும்போது எக்ஸ்-கதிர் வரும், அதை வைத்துத்தான் 1937-இல் லூயிஸ் ஆல்வாரெஸ் இந்தச் சிதைவு நடப்பதைக் காட்டினார்.

பாசிட்ரானை உருவாக்க நிறைவித்தியாசம் குறைந்தது 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட் இருக்க வேண்டும். அவ்வளவு இல்லாதவைக்கு எலக்ட்ரான் பிடிப்பு ஒன்றுதான் வழி. பெரிலியம்-7 அப்படிப்பட்டது, 0.862தான் அதனிடம் உண்டு, அரை ஆயுள் 53 நாள். அதன் எலக்ட்ரான்கள் எல்லாவற்றையும் உரித்துவிட்டால் அது சிதையவே முடியாது! வேதிச் சூழலோ வெப்பமோ கதிரியக்கத்தை மாற்றாது என்று வகுப்பில் சொல்கிறோம், கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் அது சரி, எலக்ட்ரான் பிடிப்பில் மட்டும் மிகச் சிறிய அளவில் மாறும்.

வாழைப்பழத்தில் கதிரியக்கம் இருக்கிறதாமே, பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுங்கள். பொட்டாசியம் எங்கே இருந்தாலும் அதில் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில் பொட்டாசியம்-40 இருக்கும். ஒரு பழத்தில் நொடிக்குச் சுமார் 15 சிதைவு. பெரியவர் ஒருவரின் உடம்பில் பொட்டாசியத்தால் மட்டும் நொடிக்கு 4,000 சிதைவுக்கு மேல் எப்போதும் நடந்துகொண்டிருக்கிறது, பிசாங் கோரெங் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். கூடுதலாக வரும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும், ஆக அந்த அளவு ஏறுவதில்லை.

எனக்கு இந்த ஐசோடோப்பு பிடிக்கக் காரணம் வேறு. அதில் 19 புரோட்டான், 21 நியூட்ரான், இரண்டுமே ஒற்றைப்படை. அணுக்கருக்குள் துகள்கள் ஜோடி சேரவே விரும்பும், இங்கே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று தனித்து நிற்கிறது. ஒரு பக்கம் போனால் கால்சியம்-40, மறுபக்கம் போனால் ஆர்கான்-40, இரண்டும் இதைவிட நிறை குறைந்தவை, இரண்டு பாதையும் திறந்திருக்கிறது. நூற்றுக்கு 89 எலக்ட்ரானை விட்டுக் கால்சியமாகிறது, ஏறக்குறைய 11 எலக்ட்ரான் பிடிப்பால் ஆர்கானாகிறது. மிக அபூர்வமாகப் பாசிட்ரானும் வரும். நாம் மூச்சிழுக்கும் காற்றில் கிட்டத்தட்ட 1 விழுக்காடு ஆர்கான், அது அநேகமாக முழுக்க முழுக்கப் பூமியின் பாறைகளில் பொட்டாசியம்-40 சிதைந்து வந்ததுதான்.

காமாவும் ஒரு சிதைவா?

தனிமம் மாறுவதில்லை, புரோட்டானும் நியூட்ரானும் அதே எண்ணிக்கைதான். ஆல்ஃபாவோ பீட்டாவோ விட்ட பிறகு பிறக்கும் அணுக்கரு பல சமயம் கிளர்ச்சி நிலையில் இருக்கும், அந்த மிச்ச ஆற்றலை ஃபோட்டானாக விடும். இது பெரும்பாலும் கண நேரத்தில் முடிந்துவிடும், தனியாகக் கவனிக்கவே முடியாது. சிலது மட்டும் கிளர்ச்சியிலேயே மணிக்கணக்கில் நிற்கும். டெக்னீசியம்-99எம் அப்படி, அரை ஆயுள் 6 மணி நேரம், விடுவது 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா. எலும்பு, இதயம், சிறுநீரகம் என்று அணு மருத்துவ ஸ்கேன்களில் உலகம் முழுவதும் அதிகம் பயன்படுவது இதுதான். 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம்-99-ஐ ஒரு கலனில் வைத்து, அது பீட்டா விட்டு மாறும் டெக்னீசியத்தை உப்பு நீரால் காலையில் வழித்தெடுப்பார்கள்.

ஸ்கேன் எடுத்த 24 மணி நேரத்தில், உடம்பிலிருந்து கழிவதைக் கணக்கில் சேர்க்காமலேயே, பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

அரை ஆயுள் 8 நாள் என்றால் 16 நாளில் எல்லாம் தீர்ந்துவிடுமா?

தீராது. 8 நாளில் பாதி, 16 நாளில் கால், 24 நாளில் அரைக்கால். ஒவ்வோர் ஆண்டும் யாராவது இதில் விழுகிறார்கள், காரணம் என்னவென்றால் அணுக்கருக்களும் நம்மைப் போல வயதாகித்தான் சாகும் என்று மனசுக்குள் ஓர் எண்ணம் இருக்கிறது. அணுக்கருவுக்கு வயசே கிடையாது. தாயக்கட்டை உருட்டும்போது நூறு தடவை தாயம் விழவில்லை என்பதற்காக நூற்றோராவது தடவை விழும் வாய்ப்பு ஏறிவிடுவதில்லை, அதே மாதிரி பூமி உருவானதிலிருந்து சிதையாமல் இருக்கும் ஒரு யுரேனியம் அணுக்கரு அடுத்த நொடியில் சிதைய இருக்கும் வாய்ப்பும் நேற்று இருந்த அதே வாய்ப்புத்தான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. கோடிக்கணக்கில் சேரும்போது பாதி எப்போது போகும் என்பது துல்லியமாக வந்துவிடுகிறது. ரூதர்ஃபோர்டும் சாடியும் 1902-இல் இந்தக் குறையும் விதியைத்தான் கண்டார்கள்.

இதோடு இன்னொரு குழப்பமும் தீர வேண்டும். அரை ஆயுள் கோடிக்கணக்கான ஆண்டு என்று கேட்டதும் பயம் வருகிறது. நீண்ட ஆயுள் என்றால் ஒரு நொடிக்குச் சிதைவது குறைவு என்று பொருள். 1 கிராம் சுத்தமான தோரியம்-232-இல் நொடிக்குச் சுமார் 4,000 சிதைவு. 1,600 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ரேடியம்-226 ஒரு கிராமில் 3,700 கோடி.

அப்படியானால் ஆமாங் மணலிலும் புக்கிட் மேரா, கெபேங் கழிவிலும் இருக்கும் தோரியத்தைப் பற்றிக் கவலையே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. தோரியம் தனியாக இருப்பதில்லை என்பதுதான் விஷயம். வெள்ளீய மணலைக் கழுவிப் பிரித்த பிறகு மிஞ்சும் ஆமாங்கில் மோனசைட் என்ற கனிமம் இருக்கும், அதில் அரிய மண் தனிமங்களோடு தோரியமும் சேர்ந்தே வரும். ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் இயங்கி 1994-இல் மூடப்பட்ட ஏஷியன் ரேர் எர்த் ஆலை மோனசைட்டிலிருந்துதான் தனிமங்களைப் பிரித்தது. குவாந்தான் கெபேங்கில் 2012-இல் தொடங்கிய லைனாஸ் ஆலை ஆஸ்திரேலியத் தாதுவைப் பயன்படுத்துகிறது, அதிலும் தோரியம் உண்டு.

தோரியம்-232 ஆல்ஃபா விட்டு ரேடியம்-228 ஆகிறது. இங்கேதான் பாருங்கள், ஆல்ஃபா போகும்போது இரண்டு புரோட்டானையும் இரண்டு நியூட்ரானையும் சமமாக எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் பெரிய அணுக்கருவில் நியூட்ரான் விகிதம் ஒன்றரைக்கு மேல், சமமாகக் கழித்தால் அந்த விகிதம் இன்னும் ஏறும், அணுக்கரு சின்னதானதற்கு அவ்வளவு நியூட்ரான் தேவையும் இல்லை. ஆக ரேடியம்-228-க்கு இப்போது நியூட்ரான் மிச்சம். அது பீட்டா விட்டு ஆக்டினியம்-228, மறுபடி பீட்டா விட்டுத் தோரியம்-228. சரியாகிவிட்டது, ஆனால் இன்னும் பெரிசு. ஆல்ஃபா விட்டு ரேடியம்-224, ஆல்ஃபா விட்டு ரேடான்-220, ஆல்ஃபா விட்டுப் பொலோனியம்-216, ஆல்ஃபா விட்டு ஈயம்-212. மறுபடி நியூட்ரான் மிகுந்துவிட்டது, பீட்டா விட்டுப் பிஸ்மத்-212. இங்கே பாதை பிரிகிறது, மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பீட்டா விட்டுப் பொலோனியம்-212 ஆகி உடனே ஆல்ஃபா விடும், மீதி முதலில் ஆல்ஃபா விட்டுத் தாலியம்-208 ஆகி அப்புறம் பீட்டா விடும். இரண்டுமே போய்ச் சேர்வது ஈயம்-208. மொத்தம் 6 ஆல்ஃபா, 4 பீட்டா. இடையில் ஆல்ஃபாவும் பீட்டாவும் ஏன் மாறி மாறி வருகின்றன என்பதை இந்தச் சங்கிலியை ஒரு தடவை எழுதிப் பார்த்தால் பிறகு மறக்காது.

ஈயம்-208-இல் ஏன் நிற்கிறது என்றால், 82, 126 இரண்டுமே அணுக்கருவின் கூடுகள் சரியாக நிரம்பும் எண்கள்.

கவலைக்குரியது இந்தச் சங்கிலியின் நடுப்பகுதி. ரேடான் ஒரு வாயு, அது மண்ணைவிட்டு வெளியே வந்து 56 நொடி அரை ஆயுளுக்குள் மூச்சோடு உள்ளே போனால், அடுத்து வரும் ஈயமும் பிஸ்மத்தும் பொலோனியமும் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். தூசியை விழுங்குவதும் அப்படியே. தாலியம்-208 விடும் 2.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா கடுமையாக ஊடுருவும். எனவே ஆமாங்கைக் குவித்து வைக்கும் இடத்தில் தூசி, காற்றோட்டம், நிலத்தடி நீர் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும், தோரியத்துக்கு ஆயுள் நீளம் என்பதால் ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள், கூடவே சங்கிலியில் உள்ள மற்றவற்றின் அளவையும் கேளுங்கள்.

தாள் தடுக்கும் ஆல்ஃபாவை ஏன் மிக ஆபத்தானது என்கிறார்கள்?

வெளியே இருக்கும்வரை தோலின் இறந்த மேலடுக்கே அதைத் தடுத்துவிடும். உள்ளே போய்விட்டால் அதே குணம் எதிராகத் திரும்பும், தன் ஆற்றல் முழுவதையும் சில செல்களின் தூரத்துக்குள் கொட்டிவிடும். காமா பல சமயம் உடம்பை ஊடுருவிக்கொண்டு போய்விடும்.

கதிர் அடித்த பொருளில் கதிரியக்கம் ஒட்டிக்கொள்ளுமா? மருத்துவக் கையுறையைக் காமாவில் சுத்திகரிக்கிறார்களே?

ஒட்டாது. சுத்திகரிப்புக்குப் பயன்படும் கோபால்ட்-60 விடும் காமாக்கள் 1.17, 1.33 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஒரு பொருள் கதிரியக்கம் பெற வேண்டுமானால் அதன் அணுக்கருவே மாற வேண்டும், ஒரு நியூட்ரானைத் தட்டி வெளியேற்றப் பெரும்பாலான அணுக்கருக்களுக்கு 8 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு வேண்டும். காமா அங்கே கிருமிகளின் டி.என்.ஏ.யைக் குலைக்கிறது, ரப்பரின் அணுக்கருக்களைத் தொடுவதில்லை. எக்ஸ்-ரே எடுத்துவிட்டு வந்தவரைக் கட்டிப்பிடிக்கப் பயப்படத் தேவையில்லை.

அம்மாவுக்குத் தைராய்டுக்கு அயோடின் கொடுத்தார்கள், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, அதுவும் இப்படித்தானா?

இது வேறு. இங்கே கதிரியக்கப் பொருளே உடம்புக்குள் போயிருக்கிறது. அயோடின்-131 நியூட்ரான் மிகுந்தது, எலக்ட்ரானை விட்டுச் செனான்-131 ஆகும், அரை ஆயுள் 8 நாள். அந்த எலக்ட்ரான் திசுவில் ஓரிரு மில்லிமீட்டர் தூரம்தான் போகும், தைராய்டு செல்களை அழிப்பது அதுதான். கூடவே வரும் 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா உடம்பைவிட்டு வெளியே வரும், சிறுநீர், வியர்வை, எச்சில் வழியாக அயோடினும் வெளியேறும். அதனால்தான் தனியறை, தனித்தட்டு, பிள்ளையைச் சில நாள் தள்ளி வைப்பது எல்லாம். எத்தனை நாள் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது, அணு மருத்துவப் பிரிவில் எழுதிக் கொடுத்ததை அப்படியே பின்பற்றுங்கள், பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டுக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

ஆல்ஃபா, பீட்டா, காமா தவிர வேறு சிதைவுகள் உண்டா?

உண்டு. மிகக் கனமானவை தாமாகவே இரண்டாகப் பிளக்கும், யுரேனியத்தில் இதை 1940-இல் ஃபிளெரோவும் பெட்ர்ஷாக்கும் கண்டார்கள். கலிஃபோர்னியம்-252-இல் நூற்றுக்கு மூன்று சிதைவு இப்படி. புரோட்டான் அளவுக்கு மீறிப் போன சில செயற்கை அணுக்கருக்கள் புரோட்டானையே நேரடியாக உதிர்க்கும். 1984-இல் ரேடியம்-223 ஒரு முழுக் கார்பன்-14 அணுக்கருவை வெளியேற்றுவதை ரோஸ், ஜோன்ஸ் இருவரும் பதிவு செய்தார்கள், நூறு கோடி ஆல்ஃபாவுக்கு ஒன்று என்ற கணக்கில்.

நிலையானது என்று காலம் காலமாகப் பாடத்தில் இருந்த பிஸ்மத்-209 ஆல்ஃபா விடுகிறது என்று 2003-இல் தெரிந்தது, அரை ஆயுள் 2-க்குப் பின்னால் 19 சுழியம் போட்ட ஆண்டுகள். சிலவற்றில் ஒரு பீட்டாவுக்கு ஆற்றல் போதாது, ஆனால் இரண்டு நியூட்ரான் ஒரே சமயத்தில் மாறினால் போதும். இந்த இரட்டைப் பீட்டா சிதைவில் இரண்டு எலக்ட்ரானும் இரண்டு எதிர்நியூட்ரினோவும் வரும். எதிர்நியூட்ரினோ இல்லாமலேயே இது நடக்குமா என்று ஜெர்மானியம்-76, செனான்-136 ஆகியவற்றை நிலத்தடியில் வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தால் நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் ஒரே துகள் என்று ஆகிவிடும். உறுதியாக ஒன்றும் இதுவரை பிடிபடவில்லை.